ஒரு சாண் தண்ணீர்

ஒட்டுமேட்டுக் குப்பத்தில் சங்கவி கடைசிச் சுவரிலும் நீலக் கோட்டை இழுத்து முடித்து, பிரஷ்ஷை டப்பாவுக்குள் போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த பகல் பதினொரு மணிக்கு, கோயில் தெருவில், தரையிலிருந்து இடுப்பு உயரத்தில், தண்ணீர் என்று ஒரு சொட்டுகூட இல்லாத வெறும் காற்றில், ஒரு மடவை மீன் வாலை ஆட்டிக்கொண்டு தெற்கிலிருந்து வடக்கே போயிற்று. அதன் பின்னால் இன்னொன்று போயிற்று, அதற்கும் பின்னால் ஒரு கூட்டமே போயிற்று. ஒரு நாய் எட்டிக் கவ்வப் பார்த்து ஏமாந்தது. சைக்கிளில் வந்தவர் பெல் அடித்தார், மீன்கள் ஒதுங்கி வழி விட்டன.

யாரும் மயங்கி விழவில்லை. கிழக்கே கடலும் மேற்கே ஏரியும் நெருக்க, நடுவில் ஒரு மணல் திட்டில் முந்நூறு வீடுகளை நட்டுக்கொண்டு வாழ்கிற சனம் அது. மீன் எங்கே வந்தது என்று ஆச்சரியப்படுவதைவிட வந்த மீன் எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் அவர்களுக்குப் பழக்கம். வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் ஊசியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். எந்த மீனும் நீலக் கோட்டுக்கு மேலே இரண்டு விரலைத் தாண்டவில்லை என்பதைக் கவனித்தார்கள். கோட்டுக்குக் கீழே கையை விட்டால் குளிர்ந்தது, வெளியே எடுத்தால் கை காய்ந்தே இருந்தது, நக்கிப் பார்த்தால் உப்புக் கரித்தது. "தண்ணி கீது, ஆனா இன்னும் வந்து சேரல," என்று யாரோ சொன்னார்கள். ஊர் அதை ஒப்புக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிற்று.

சங்கவி மட்டும் போகவில்லை. ஏனென்றால் அந்தக் கோடு என்ன கோடு என்று அவளுக்குத்தான் தெரியும்.

அவளுக்கு வயது இருபத்திரண்டு. பொன்னேரியில் புவியியல் படித்துவிட்டு, வேலைக்குப் போகாமல், கடல் ஏறுது கடல் ஏறுது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற பெண். அப்பா மஞ்சள்காமாலையில் போய்ப் பன்னிரண்டு வருடம். அம்மா பூங்காவனம் ஏலத்தில் மீன் எடுத்து அன்னக்கூடையில் சுமந்து விற்று அவளைப் படிக்க வைத்தாள். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு மகள் நாற்பத்தோரு திங்கட்கிழமை மனு நாளில் ஃபைலும் கையுமாக வரிசையில் நின்றிருந்தாள். மனு ஒன்றுதான். ஊரிலேயே உயரமான இடம் மேடு. அங்கே பதிமூன்று வீடுகளும் ஆரம்பப் பள்ளிக்கூடமும் இருக்கின்றன. ஒரு கம்பெனி அந்த மேட்டில் பள்ளிக்கூடம் நிற்கிற இடத்தைக் கரி கொட்டி வைக்கக் கேட்டது. பதிலுக்குக் கடற்கரையை ஒட்டிய பள்ளத்தில் இரண்டு மாடியில், டைல்ஸ் போட்டு, புதுப் பள்ளிக்கூடம் கட்டித் தருகிறேன் என்றது. வரும் அமாவாசைக் கூட்டத்தில் ஊர் சம்மதம் சொல்லி அடுத்த மனு நாளில் காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் அறுபத்திரண்டு பிள்ளைகள் பள்ளத்துக்கு இறங்கிவிடுவார்கள். இன்னும் இருபத்தைந்து வருடத்தில் கடல் எங்கே நிற்கும் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அந்தக் கணக்கு செவிடன் காதில் ஊதிய சங்காகப் போயிற்று.

ஆகவே அவள் கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூபில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு தெருத் தெருவாகப் போய், அந்த இருபத்தைந்தாம் வருடத்துக் கடல் தொடும் உயரத்தைச் சுவருக்குச் சுவர் நீலக் கோடாகப் போட்டாள். கோயில் தெருவில் அது இடுப்பளவு. மேட்டில் பள்ளிக்கூடப் படிக்கட்டுக்கு நாலு விரல் கீழே. பள்ளத்தில் சுவரே இல்லாததால் மூங்கில் நட்டு வளையம் போட்டாள். அங்கே அது ஆள் உயரத்துக்கும் மேலே போயிற்று. எந்தப் பிள்ளையின் தலை எத்தனை அடிக்குள் மூழ்கும் என்று அதிகாரிக்குக் காட்டுவதற்காக, தை மாதம் முதல் தேதியில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடக் கதவின் உள்பக்கத்தில் நிற்க வைத்து உயரம் குறித்தாள். பிள்ளைகளுக்கு அது பிடித்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு தமிழ் மாதமும் பிறந்த அன்று, "யக்கா, நான் வளந்துட்டனா?" என்று அவள் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிடும்.

மீன் வந்த அன்று சாயங்காலமே பூங்காவனம் மேட்டிலிருந்த தன் வீட்டு வாசலில் நின்று கீழே தெருவைப் பார்த்துச் சொன்னாள்: "மீனு வந்தா புடிக்கணும். இதுல இன்னா ஆராய்ச்சி?"

அதைத்தான் ஊர் செய்தது. மறுநாள் மின் கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் குறுக்கே கட்டுவலை ஏறியது. மடவை, கிழங்கான், இறால், நண்டு என்று வந்ததோடு, இதுவரை யாரும் பார்க்காத, கண் பெருத்த, உடம்பு வெளுத்த ஒரு மீனும் வந்தது. பேர் தெரியாத மீனை விற்க முடியாது என்பதால் அதற்குக் கோட்டுமீன் என்று பேர் வைத்தார்கள். குழம்பில் போட்டால் கரையாமல் நின்றது, ருசிக்குக் குறைவில்லை. மூன்றாம் நாள் உன் வலை என் வாசலை மறைக்கிறது என்று சண்டை வந்தது, அன்றைக்கே ஊர்ப் பஞ்சாயத்து கூடி, ஏரியில் காலங்காலமாக நடக்கிற பாடு முறையைத் தெருவுக்கும் கொண்டுவந்தது. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்ன வீட்டுக்காரர் வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கி எழுதி வைப்பதுதான் பாடு. கோயில் தெருப் பாடு, ரேஷன் கடைப் பாடு, தண்ணித் தொட்டிப் பாடு என்று பட்டியல் எழுதி ஒட்டினார்கள். டிவிக்காரர்கள் வந்தார்கள், கேமராவில் மீன் விழவில்லை, வெறும் தெருதான் விழுந்தது, ஊர்க்காரர்கள் காற்றில் வலை கட்டுகிற பைத்தியங்கள் மாதிரித் தெரிந்தார்கள், ஒரு வாரத்தில் போய்விட்டார்கள். மீன் துறைக்காரர் வந்து தண்ணீர் இல்லாததால் இது வருவாய்த் துறை என்றார். வருவாய்த் துறைக்காரர் வந்து மீன் இருப்பதால் இது மீன் துறை என்றார். இருவருக்கும் ஆளுக்கு ஒரு பை கோட்டுமீன் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள்.

"நீ கோடு போட்ட நேரம், ஊருக்கு நல்ல நேரம்," என்று சங்கவியைக் கண்டவர்கள் எல்லாம் சொன்னார்கள். பயப்படுங்கள் என்று அவள் போட்ட கோட்டுக்குப் பொட்டு வைத்துப் பூச் சாத்தினார்கள். அவளுக்கு எரிச்சல் தாங்கவில்லை. இருந்த இடத்தில் இருக்க முடியாமல், தின்ன முடியாமல், தெருவில் இடுப்பளவு வராத நீரைக் கிழித்துக்கொண்டு நடந்தபடியே இருந்தாள். "இது மீனு இல்ல, எச்சரிக்க!" என்று ரேஷன் கடை வரிசையில் நின்று கத்தினாள். "சரிம்மா, எச்சரிக்க கிலோ இன்னா வெல போவுது?" என்று யாரோ கேட்க, வரிசையே சிரித்தது.

ஒன்றை மட்டும் அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். தையல்காரர் வீட்டுச் சுவரில் கோடு போடும்போது டியூபுக்குள் ஒரு காற்றுக்குமிழி நின்றுவிட்டிருக்கிறது; கோடு இரண்டு விரல் ஏறிப் போயிருந்தது. அந்த இரண்டு விரலுக்கு ஊர் முழுக்க நீரும் ஏறியிருந்தது. பதறிப் போய், ஊர் உண்டு உறங்குகிற மத்தியான நேரத்தில், தப்புக் கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சரியான இடத்தில் போட்டாள். நீர் இறங்கவில்லை. நப்பாசையில் இன்னும் ஒரு சாண் கீழே போட்டுப் பார்த்தாள். மீன்கள் அந்தக் கோட்டுக்கு மேலே அதை மதிக்காமல் போய்க்கொண்டிருந்தன. ஏற்றினால் ஏறும், இறக்கினால் இறங்காது.

அமாவாசையன்று யாரும் கடலுக்குப் போவதில்லை, அன்றுதான் கூட்டம். ஊர்த் தலைவரான நாட்டார் தேசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். சங்கவிக்கு மாமா முறை. நல்ல மனுஷன், ஆனால் ஊருக்கு நல்லது என்று ஒன்றை நினைத்துவிட்டால் அப்புறம் யார் பேச்சும் ஏறாது.

"பள்ளத்தப் பள்ளிக்கூடத்துக்குக் குடுக்க முடியாது," என்றார். "ஊருக்கே அதான் இப்ப நல்ல பாடு. ஆழம் கீது, மீனு கீது. கம்பெனிக்காரன பள்ளிக்கூடத்துக்கு வேற எடம் பாருன்னு சொல்லிட்டேன். அதுவரிக்கும் பள்ளிக்கூடம் மேட்லயே கெடக்கட்டும்."

சங்கவிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை எல்லோருக்கும் தெரியும். இங்கே குரங்கு பிடிக்கப் போனவர்கள் பிள்ளையாரைப் பிடித்துவிட்டார்கள். நாற்பத்தோரு மனுவால் நடக்காததை ஒரு மீன் நடத்திவிட்டது. போகட்டும், பிள்ளைகள் மேட்டிலேயே இருந்தால் போதும் என்று அவள் மூச்சு விடுவதற்குள் மேட்டு வீட்டுக்காரர்கள் எழுந்துவிட்டார்கள்.

"கீழ கீறவனுக்கெல்லாம் வாசல்ல மீனு. நாங்க பதிமூணு வூடு இன்னா பாவம் பண்ணோம்? ஊருன்னா எல்லாருக்கும் பாடு வேணும்."

நியாயம்தான் என்று கூட்டம் முனகியது. அந்த ஊரில் நியாயம் என்றால் பங்கு. பங்கில்லாமல் ஒருத்தன் நிற்பதைப் பார்த்தால் அவர்களுக்குச் சோறு இறங்காது. தேசப்பன் சங்கவியைப் பார்த்தார்.

"கோட்ட ஒரு சாண் ஏத்திடு பொண்ணே. மேட்டுக்கும் தண்ணி வந்துடும்."

"மாமா, ஏத்தினா ஏறும், எறக்கினா எறங்காது. நான் பாத்துட்டேன்."

"எறங்க வேணாமே. யாருக்கு இன்னா நஷ்டம்? பள்ளத்துல ஏற்கெனவே தலைக்கு மேல போவுது. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் இன்னா, மொழம் இன்னா?"

"மேட்ல இன்னும் தலைக்கு மேல போவல மாமா. அங்கதான் புள்ளைங்க கீறாங்க. நான் போட மாட்டேன்."

கூட்டம் முழுதும் அவள் பக்கம் திரும்பியது. பஞ்சாயத்தில் ஒரு பெண் எழுந்து மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. தேசப்பன் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, மேட்டு வீட்டுக்காரர்களில் கடைசியாக ஓரத்தில் நின்றிருந்த பூங்காவனத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஆம்பள இல்லாத வூட்டுக்கு ஊர் வரி கெடயாது, வரி இல்லாத வூட்டுக்குப் பாடு கெடயாது. அதான் வழக்கம். ஆனா இது ஏரி இல்ல, தெரு. மேட்டுக்குத் தண்ணி வந்தா மொத பாடு பூங்காவனத்துக்கு. பள்ளிக்கூட வாசல்."

பூங்காவனம் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் அவள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தபோது சங்கவி பின்னாலேயே ஓடினாள். "யம்மா, வேணாம்மா. சொன்னாக் கேளும்மா."

பூங்காவனம் திரும்பி நின்றாள். "பன்னெண்டு வருசமா ஏலத்துல குந்திகினு, எவனோ புடிச்ச மீன வெல கேட்டுகினு கீறேன். கூடைய எறக்கி வெக்க ஒரு எடம் எனக்குன்னு இல்ல. என் பேர்ல ஒரு பாடு, என் வாசல்ல ஒரு வல. ஒரு சாண்தானேடி கேக்குறேன்?"

சங்கவியிடம் கணக்கு இருந்தது, படம் இருந்தது, நாற்பத்தோரு மனுவின் நகல் இருந்தது. அவற்றில் எதிலும் அந்தக் கூடையை இறக்கி வைக்க இடம் இல்லை. கூடை சுமந்து சுமந்து உச்சந்தலையில் முடி உதிர்ந்து வட்டமாகத் தெரிகிற அம்மாவின் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. பூங்காவனம் குனிந்து, படிக்கட்டின் அருகே இருந்த நீலக் கோட்டுக்கு மேல் ஒரு சாண் அளந்து, கோலம் போட்ட கையல்லவா, அசங்காமல் நேராக இழுத்தாள். இழுத்து முடிப்பதற்குள் வகுப்பறைக்குள்ளிருந்து பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. பெஞ்சுகளுக்கு அடியில் இறால் ஓடியது. வாத்தியார் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, காலை மடக்கி நாற்காலியில் ஏறி உட்கார்ந்து வாய்ப்பாட்டைத் தொடர்ந்தார்.

மூன்றாம் நாள் காலை பூங்காவனத்தின் முதல் பாடு. பள்ளிக்கூட வாசலின் இரண்டு தூண்களுக்கும் குறுக்கே வலையைக் கட்டி, கற்பூரம் காட்டி, வெற்றிலை கிழித்துப் போட்டாள். வேடிக்கை பார்க்க ஊரே வந்திருந்தது. தேசப்பன், ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பேத்தி யாழினியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றார். பத்து மணிக்கு வலை கனத்தது. பூங்காவனம் இழுத்தாள், வரவில்லை. நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். "சுறாதான் மாட்டிக்கிச்சு," என்று சிரித்தார்கள். ஒரு சாண் நீருக்குள்ளிருந்து, சிப்பி அப்பி, பாசி படர்ந்து, கீல் துருப்பிடித்து, ஒரு கதவு வந்தது.

பள்ளிக்கூடத்துக் கதவு. எதிரே பள்ளிக்கூடத்தில் அதே கதவு சாத்தாமல் திறந்துதான் இருந்தது. மாடு முட்டி உடைந்த அதே கீழ்ப்பலகை இரண்டிலும் இருந்தது.

கதவைத் தூணில் நிமிர்த்திச் சாய்த்தார்கள், பூங்காவனம் கையாலேயே பாசியை வழித்தாள். உள்பக்கத்தில் கோடுகள் தெரிந்தன, பேர்கள் தெரிந்தன, சங்கவியின் கையெழுத்து தெரிந்தது. தை, மாசி, பங்குனி. சங்கவி முட்டி போட்டு உட்கார்ந்து விரலை வைத்துப் படித்துக்கொண்டே மேலே போனாள். இதுவரை அவள் போட்ட கோடுகளைத் தாண்டி, இன்னும் போடாத கோடுகள் போய்க்கொண்டிருந்தன. அடுத்த வருடத்துத் தை, அதற்கடுத்த வருடத்துத் தை. தொட்டிலில் கிடக்கிற குழந்தைகளின் பேர்கள் கீழே புதிதாக முளைத்து மேலே ஏறின. யாழினியின் பேர் மாதத்துக்கு அரை விரல், கால் விரல் என்று வளர்ந்துகொண்டே போயிற்று. நாலாம் வருடத்து ஐப்பசியில் அறுபத்து நாலு பேர்கள் இருந்தன. ஐப்பசிக்கு மேலே ஒன்றும் இல்லை. எந்தப் பிள்ளையின் பேரும் இல்லை. வெறும் பலகை.

யாழினி தாத்தாவின் தோளிலிருந்து இறங்கி ஓடி வந்து, தன் பேரின் கடைசிக் கோட்டைத் தலைக்கு மேலே கையை நீட்டித் தொட்டாள். "யக்கா! நான் இவ்ளோ ஒசரம் வளருவனா?" என்று குதித்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள். "அதுக்கு மேல எங்கக்கா?"

தேசப்பன் விரல் மடக்கி எண்ணினார். எண்ணி முடித்து மறுபடியும் எண்ணினார். "இருவத்தஞ்சு வருசம்னுதானே சொன்ன?" என்றார்.

"பழைய கோட்டுக்கு இருவத்தஞ்சு மாமா. கோட்ட ஏத்தினோம், கடலும் அவ்ளோ சீக்கிரம் வருது."

அவர் புதுக் கோட்டைப் பார்த்தார். பழைய கோட்டையும் புதுக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து நடுவில் வைத்துப் பார்த்தார். கை சரியாகப் பொருந்தியது. சாண் என்ன முழம் என்ன என்று கேட்டவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

பூங்காவனம் வலையை அவிழ்த்தாள். ஒரே ஒரு தடவை போட்ட வலை. அதைச் சுருட்டி அன்னக்கூடைக்குள் வைத்துவிட்டு மகளிடம் வந்தாள். "நான்தானே போட்டேன்," என்றாள். "என் கையாலதானே போட்டேன்."

"நானும் கூட நின்னேன்மா," என்றாள் சங்கவி. அம்மாவின் பாசி படிந்த கையை இப்போதுதான் பிடித்தாள்.

அன்றைக்கே ஊர் திருந்திவிட்டது என்று சொன்னால் அது கதை. பாதிப் பேர் வலையைக் கழற்றினார்கள், பாதிப் பேர் வந்தது வந்துவிட்டது என்று கழற்றவில்லை. ஆனால் அமாவாசைக்குக் காத்திராமல் நடுப்பகலில் பஞ்சாயத்து கூடியது; மேடு எந்தக் கம்பெனிக்கும் எந்தக் காலத்திலும் இல்லை என்று தீர்மானம் எழுதி, வரி உள்ளவர்கள் எல்லாம் கையெழுத்துப் போட, அவர்களுக்குக் கீழே, வரி இல்லாத வீட்டுப் பூங்காவனமும் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை இரண்டு மீன் வண்டிகளில் நாற்பது பேர் கிளம்பினார்கள். ஒரு வண்டியில் கதவைப் படுக்க வைத்து, சிப்பி உதிராமல் வைக்கோல் பரப்பியிருந்தார்கள்.

மனு வாங்குகிற அம்மாள் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "வாம்மா சங்கவி. இதென்ன கதவு?"

"எங்க பள்ளிக்கூடத்துக் கதவு," என்றார் தேசப்பன்.

"அப்போ பள்ளிக்கூடத்துக்குக் கதவு இல்லையா?"

"அங்கயும் கீதும்மா."

அம்மாள் கதவைப் படித்தார். கீழிருந்து மேலே போய் ஐப்பசியில் நின்றார். வழக்கமாக மனுவை வாங்கிச் சீல் அடித்துத் தட்டில் போடுகிறவர், அன்று எழுந்து நின்றுகொண்டே சீல் அடித்தார். இணைப்பு: கதவு ஒன்று என்று எழுதினார். பெரிய அதிகாரியிடம் தானே எடுத்துப் போவதாகச் சொல்லித் தீர்மானத்தை மட்டும் உள்ளே கொண்டுபோனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, மேட்டைக் கேட்ட கம்பெனியின் காகிதத்தை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். ரத்து இல்லை, நிறுத்தி வைப்புதான். சங்கவிக்கு அந்த வார்த்தையின் எடை தெரியும். அதை நம்பித் தூங்க முடியாது.

சாயங்காலம் வண்டி மேடேறி நின்றது. ஆறு பேர் சேர்ந்து கதவை இறக்கிப் பள்ளிக்கூடச் சுவரில் சாய்த்தார்கள். புதுக் கோட்டின் நீர் அப்படியேதான் இருந்தது, ஒரு சாண், கணுக்காலில் குளிர்ந்து, இறால் மீசை உரச. யாழினி ஓடி வந்தாள். தன் உயரத்தை ஒரு தடவை தொட்டுப் பார்க்காவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது. கையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

"யக்கா, இது காலையில இல்ல."

ஒவ்வொரு பேரின் ஐப்பசிக்கு மேலேயும், கால் விரல் உயரத்தில், ஒரு புதுக் கோடு இருந்தது. பக்கத்தில் கார்த்திகை என்று சங்கவியின் கையெழுத்தில் எழுதியிருந்தது. அறுபத்து நாலு பேர்கள்.

சங்கவி எண்ணிப் பார்த்தாள், ஒன்றுகூட விடுபடவில்லை. அழுதுகொண்டே எண்ணியதால் மறுபடியும் எண்ணினாள். கார்த்திகைக்கு மேலே வெறும் பலகைதான்.

"ஒரு மாசம்," என்றார் தேசப்பன். "நாப்பது பேரு ஒரு நாளு அலைஞ்சதுக்கு ஒரு மாசமா?"

பூங்காவனம் கதவின் வெறும் பலகையை உள்ளங்கையால் துடைத்தாள். இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று சாண் சாணாக அளந்து பார்த்தாள்.

"அடுத்த திங்கக்கெழமைக்கும் வண்டி சொல்லுண்ணா," என்றாள். "எட்டு மணிக்கெல்லாம் வந்துடணும்னு சொல்லு."

சங்கவி அதற்குள் படிக்கட்டில் உட்கார்ந்து, கால்கள் நீருக்குள் கிடக்க, ஃபைலைத் திறந்து நாற்பத்து மூன்றாவது மனுவை எழுத ஆரம்பித்திருந்தாள்.